உயரம் இருக்கு, ஆட்டம் எங்கே?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணிகள் வருஷாவருஷம் புது ஆட்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். 2009 டிராஃப்டில் 53-ஆவது ஆளாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி ஒரு பிரெஞ்சுப் பையனை எடுத்தது. பெயர் நான்டோ டி கோலோ. ஆறு வருஷம் கழித்து 2015 டிராஃப்டில் 52-ஆவது ஆளாக டல்லஸ் மாவரிக்ஸ் அணி ஒரு பஞ்சாபிப் பையனை எடுத்தது. பெயர் சத்னாம் சிங். மொத்தமே 60 பேரைத்தான் எடுப்பார்கள், அதில் கடைசிப் பத்துக்குள் வருகிற பலருக்கு என்.பி.ஏ. கோர்ட்டில் கால் வைக்கும் வாய்ப்பே வராது. ஆக இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில், அதுவும் கடைசியில், நின்றவர்கள்தான். அதற்கப்புறம் டி கோலோ ஸ்பெயின், அமெரிக்கா, கனடா, ரஷ்யா, துருக்கி என்று சுற்றி, ஐரோப்பாவில் இதற்கு மேல் கோப்பை இல்லை என்கிற யூரோலீக் கோப்பையை இரண்டு தடவை வாங்கினார். சத்னாம் என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடாமல், கனடாவில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு, 2021-இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

இந்த இரண்டு பெயர்களையும் நான் அடிக்கடி பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் என் அக்கா மகன். புதுச்சேரியில் பதினொன்றாவது படிக்கிறான், ஆறடி நாலு அங்குலம், இன்னும் வளருவான் போலிருக்கிறது. உப்பளம் மைதானத்தில் ஆடி முடித்து வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். “மாமா, வெளிநாட்டு லீக்ல ஆடணும்னா என்ன பண்ணணும்?” வீட்டுக்கு வந்தால் அவன் அப்பா வேறு மாதிரி ஆரம்பிப்பார். “ஏன் மச்சான், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேயிலயோ பேங்க்லயோ ஒரு வேலைக்கு வழி சொல்லுவியா, அத விட்டுட்டு அவன் மண்டையில என்னென்னமோ ஏத்துற?” இரண்டு பேருக்கும் அப்போதைக்கு அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்து வந்தேன். முழுசாக உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில் சத்னாம். அவரைத் தோற்றுப்போனவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பஞ்சாபில் ஒரு சின்ன கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, 14 வயதில் ஆங்கிலமே தெரியாமல் 2010-இல் உதவித்தொகையோடு ஃபுளோரிடாவில் இருக்கும் ஐ.எம்.ஜி. அகாடமி என்கிற விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறான், ஐந்தே வருஷத்தில், 19 வயதில், இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள் ஆகிறான். ஏழடி இரண்டு அங்குலம். அவருக்கு முன்னால் அந்தப் பாதையே கிடையாது. ஆனால் அவர் டிராஃப்டுக்கு வந்தபோது கல்லூரி அணியில் ஆடியிருக்கவில்லை, எந்த நாட்டுத் தொழில்முறை லீக்கிலும் ஆடியிருக்கவில்லை, பள்ளி அளவு ஆட்டம் மட்டும்தான் கையில் இருந்தது. எடுத்த மாவரிக்ஸ் அவரை டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்கிற தங்கள் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. அங்கே இரண்டு சீசன். ஆட்டத்துக்குச் சில நிமிடங்கள்தான் கோர்ட்டில், மீதி நேரம் பெஞ்சில். ஒரு பெரிய உடம்பு ஆட்டத்தின் வேகத்தைப் பிடிக்க வேண்டிய வயதில், அந்த வேகத்துக்குள் இருக்கவே நேரம் கிடைக்கவில்லை.

டி கோலோ வளர்ந்த விதம் இதற்கு நேர் எதிர். அவர் ஆடிப் பழகிய ஊர் ஷோலே. பிரான்சின் மேற்குப் பக்கம், நெசவுக்கும் சிவப்புக் கைக்குட்டைக்கும் பேர்போன சின்ன ஊர், மக்கள் தொகை 50,000-க்குக் கொஞ்சம் மேல். நம் கடலூர் நகராட்சியிலேயே 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஒட்டி இருந்தோம், அதனால் ஷோலே என்பது கடலூரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் சுமார் 5,000 பேர் உட்காரும் உள்ளரங்கம் இருக்கிறது, கிளப் அணி 2010-இல் பிரெஞ்சு லீக்கையே வென்றது, பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ரூடி கோபேர் அங்கேதான் பதின்ம வயதைக் கழித்தார். எனக்கு அந்த அரங்கத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரிவது அவர்களுடைய அட்டவணை. பிரான்சில் தொழில்முறை கிளப்புகள் தங்கள் பயிற்சி மையத்துப் பையன்களுக்கென்று ஓர் அணி வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் ஆட்டம் இருக்கும் நாளில், அதற்கு முன்னால், அதே கோர்ட்டில், எதிர் கிளப்பின் இளையோர் அணியோடு அவர்களுக்கு ஆட்டம். சீசன் முழுக்க இப்படித்தான். ஆடி முடித்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து பெரியவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம், நன்றாக ஆடினால் அடுத்த வாரம் பெரியவர்கள் பெஞ்சில் உட்காரலாம்.

டி கோலோ அப்படி வந்து 2006-இல் பெரியவர்கள் அணியில் சேர்ந்தார். 2008-இல் அந்த லீக்கின் சிறந்த பிரெஞ்சு வீரர் என்ற விருது. அடுத்த வருஷம் ஸ்பர்ஸ் அவர் பெயரை வாசித்தபோது அவர் உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போகவில்லை. ஸ்பெயினில் வலென்சியா கிளப்புக்குப் போனார், 2010-இல் யூரோலீக்குக்கு அடுத்த நிலைக் கோப்பையான யூரோகப் வென்றார், மூன்று சீசன் ஆடிவிட்டு 2012-இல்தான் சான் அன்டோனியோவுக்குப் போனார். ஷோலேயில் மூன்று, வலென்சியாவில் மூன்று என ஆறு சீசன் வளர்ந்த ஆண்களோடு மோதிய உடம்பு அது. அப்படியும் என்.பி.ஏ.வில் அவருக்குப் பெரிதாக இடம் கிடைக்கவில்லை. 2014 பிப்ரவரியில் டொரான்டோவுக்கு மாற்றிவிட்டார்கள், அதே வருஷம் ஜூனில் ஸ்பர்ஸ் கோப்பை வென்றது. நாலு மாதம் பொறுத்திருந்தால் கோப்பை வென்றவர்களுக்குக் கொடுக்கும் மோதிரம் கையில் இருந்திருக்கும், அது அவர் கையில் இல்லாத முடிவு.

அப்புறம் அவர் மாஸ்கோ போனார். சி.எஸ்.கே.ஏ. அணி. 2016-இல் பெர்லினில் நடந்த யூரோலீக் இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் துருக்கியின் ஃபெனர்பாச்சேயை 101-96 என்று வென்றார்கள். அந்த சீசனின் சிறந்த வீரர் அவர்தான், இறுதிக்கட்டத்தின் சிறந்த வீரரும் அவர்தான். 2019-இல் இன்னொரு கோப்பை. அந்தக் கோடையிலேயே, 2016-இல் தோற்கடித்த அதே ஃபெனர்பாச்சேவுக்கு இஸ்தான்புல் போனார். பிறகு 2022-இல் சொந்த நாட்டில் லியோன் பக்கத்து அஸ்வெல் கிளப். என் அக்கா மகனுக்கு என்.பி.ஏ. நட்சத்திரங்கள் லெப்ரான் ஜேம்ஸ் தெரியும், ஸ்டெஃப் கரி தெரியும், இவரைத் தெரியாது. நான் சொல்லித்தான் யூட்யூபில் பார்த்தான். வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான பேருடைய வாழ்க்கை லெப்ரான் வாழ்க்கை மாதிரி இருக்காது, டி கோலோ போன பாதையின் சின்ன வடிவமாகத்தான் இருக்கும். ஒரு ஊர், ஒரு ஒப்பந்தம், ஒரு வாடகை வீடு, அடுத்த வருஷம் வேறு மொழி.

அவர் ஆடுவதை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். உயரம் 1.96 மீட்டர், அதாவது ஆறடி ஐந்து. பெரிய குதிப்பு கிடையாது, மின்னல் வேகமும் கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு சாதாரணமாக வருவார், கூட்டாளி வந்து தடுப்பாளரின் வழியில் நிற்பார், இவர் அந்தத் தோளை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு திரும்புவார். பின்னால் துரத்துகிறவன் இப்போது இவர் முதுகில் இருக்கிறான். அங்கே ஒரு நொடி வேகத்தைக் குறைப்பார். துரத்துகிறவன் முதுகில் இடித்துவிடக் கூடாது என்று தயங்குவான், முன்னால் நிற்கும் உயரமானவன் வரலாமா வேண்டாமா என்று பார்ப்பான், இரண்டு பேரும் முடிவெடுப்பதற்குள் எல்லோரும் எதிர்பார்க்கும் காலில் எழும்பாமல் மற்ற காலில் எழும்பி ஒரு கையால் பந்தை மெதுவாக மேலே தள்ளிவிடுவார். ஃபவுல் செய்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அதற்காக யாரும் தடுக்காமல் போடக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போடுகிற ஆள். இதில் எந்த இடத்திலும் உயரத்தால் மட்டும் நடந்த காரியம் ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு நொடித் தயக்கத்தை எதிராளியிடம் உண்டாக்கும் வித்தை, நிஜ ஆட்டத்தில், தோற்றால் வலிக்கிற ஆட்டத்தில், திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால்தான் வரும்.

டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி நினைவிருக்கிறதா? 2021 ஆகஸ்ட், பிரான்சும் ஸ்லோவேனியாவும். அன்று டி கோலோ 25 புள்ளி. கடைசி நொடிகளில் பிரான்ஸ் 90-89. ஸ்லோவேனியாவின் பிரெபெலிச் வளையத்தை நோக்கிப் பாய்கிறார், பந்து கையை விட்டுப் போயாகிவிட்டது, போட்டால் ஸ்லோவேனியா இறுதிக்கு. எங்கிருந்தோ பிரான்சின் நிகோலா படூம் கை வந்து அதைத் தட்டுகிறது. நம் நேரத்துக்கு அது மாலை நேரம், என் அக்கா மகன் அப்போது சின்னப் பையன், சோபாவில் ஏறி நின்று கத்தினான், கீழ்வீட்டுப் பாட்டி என்னவோ ஏதோ என்று மாடிக்கு வந்துவிட்டார். இறுதியில் அமெரிக்காவிடம் 82-87 என்று தோற்று வெள்ளி. 2024 பாரிஸிலும் வெள்ளிதான். அந்த டோக்கியோ ஆட்டத்துக்கு அப்புறம்தான் இவனுக்குப் பைத்தியம் பிடித்தது.

சரி, நம் பக்கம் வருவோம். நம்மிடம் எது குறைவு என்று கேட்டால் எல்லோரும் உயரம் என்பார்கள், சாப்பாடு என்பார்கள், உள்ளரங்கம் என்பார்கள். உள்ளரங்கம் உண்மைதான். நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் சிமென்ட் கோர்ட் எல்லாம் குளம். ஐரோப்பாவில் அக்டோபரில் சீசன் தொடங்குகிறது, இங்கே அக்டோபரில் எங்கள் ஆட்டம் நிற்கிறது. 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் நான் ஆடி வளர்ந்த கடலூர் கோர்ட்டின் போஸ்ட் ஒன்று அடியோடு சாய்ந்தது. அது மறுபடி நிற்க வெகு காலம் பிடித்தது, அந்த இடைவெளியில் வளர்ந்த பையன்கள் வாலிபாலுக்குப் போய்விட்டார்கள். இப்படி ஒரு செட் முழுக்கக் காணாமல் போவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது இரண்டு. முதலாவது, உயரமான பையன் கிடைத்தால் அவனைக் கொண்டுபோய் போஸ்டுக்குக் கீழே நிறுத்துவது. ஏழாவது, எட்டாவது படிக்கும்போதே ஆரம்பித்துவிடும். “நீ உள்ள நில்லுடா, பந்து வந்தா புடிச்சுப் போடு.” பள்ளி ஜெயித்துவிடும், பி.டி. சாருக்குக் கோப்பை கிடைத்துவிடும், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருப்பது ஒரே ஒரு உயரமான பையன். ஆனால் புதுச்சேரியில் சென்டராக, அதாவது வளையத்துக்குக் கீழே நிற்கும் ஆளாக, ஆடும் ஆறடி நாலு, வெளிநாட்டில் போய் நின்றால் கார்டாக, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போகும் ஆளாக, ஆட வேண்டிய உயரம். டி கோலோவே அதைவிட ஓர் அங்குலம்தான் கூட. 2020-இல் ஜப்பான் பி.லீக் ஆசிய நாட்டவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கியபோது அதில் முதல் ஆளாகப் போன பிலிப்பைன்ஸ்காரர் தேர்டி ரவேனா ஆறடி மூன்று. அவர் பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரிந்தவர், வெளியிலிருந்து போடத் தெரிந்தவர், மணிலாவில் கல்லூரி லீக் இறுதிப்போட்டிகளில் மூன்று வருஷம் தொடர்ந்து சிறந்த வீரர். நம் பையனுக்கு 18 வயதாகும்போது இடது கையால் பந்தைத் தட்டத் தெரியாது. அந்த வயதுக்கு மேல் அதைக் கற்றுக்கொள்வது, கல்யாண வயதில் சைக்கிள் பழகுகிற மாதிரி, முடியும், ஆனால் ரோட்டில் மற்றவர்கள் போகிற வேகத்துக்கு வராது.

இரண்டாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை. நம் டோர்னமென்ட் எல்லாம் லீக்-கம்-நாக்அவுட். ஊர்விட்டு ஊர் போய் இரண்டு ஆட்டம் தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். பயிற்சிக்குக் குறைவில்லை, தினமும் காலையும் மாலையும் ஓடுகிறார்கள், ஆனால் ஸ்கோர் போர்டு ஓடும் நிஜ ஆட்டம் வருஷத்துக்கு இருபதைத் தொட்டால் அதிகம். யூரோலீக் கிளப் ஒன்றுக்கு 2019-20-இலிருந்து 2024-25 வரை முதல் கட்டத்தில் மட்டும் 34 ஆட்டம் என்று அட்டவணை, அதற்கு மேல் சொந்த நாட்டு லீக். அங்கே ஓர் ஆள் ஒரு சீசனில் ஆடுவதை நம் பையன் மூன்று நாலு வருஷத்தில் ஆடுகிறான். சத்னாமுக்கு வந்து நின்ற இடைவெளி இதுதான் என்று நினைக்கிறேன். அவரை நம்மில் இருந்து அமெரிக்கா கொண்டுபோனார்கள், நல்ல சாப்பாடு, நல்ல ஜிம், நல்ல கோச் எல்லாம் கொடுத்தார்கள், ஆண்களோடு ஆடும் ஆட்டத்தை மட்டும் போதுமான அளவு கொடுக்கவில்லை.

ஆட்டம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2014-இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை, அதுவும் அவர்கள் மண்ணில், 65-58 என்று வென்றது. அந்த அணியில் ஒன்றாக வளர்ந்த அம்ஜ்யோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார்கள். அங்கிருந்து 2017-இல் அம்ஜ்யோத் என்.பி.ஏ.வுக்குக் கீழ்நிலை லீக்கில் ஆடும் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணிக்கும் அம்ரித்பால் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்கும் போனார்கள். ஒரு படிக்கு அடுத்த படி என்று ஏறினார்கள்.

என் அக்கா புருஷனுக்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் கீத்து அன்னா ஜோஸ். கேரளத்துப் பெண், சென்னையில் தெற்கு ரயில்வே ஊழியர். 2006-இலிருந்து 2008 வரை ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்துப் பார்த்தன. அதே தெற்கு ரயில்வேயிலிருந்து வந்த நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டனாகி, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். ரயில்வே வேலை இல்லாவிட்டால் இவர்கள் இத்தனை வருஷம் ஆடியிருக்கவே முடியாது. அதனால் அக்கா புருஷன் சொல்லும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை நான் ஒருநாளும் மட்டமாகப் பேச மாட்டேன். என் கவலை வேறு. வேலை கிடைத்ததும் ஆட்டம் முடிந்தது என்று ஆகிவிடுகிறது பாருங்கள், 21 வயதில் ஆர்டர் கையில் வந்த அன்றே ஒரு பையன் கற்றுக்கொள்வதை நிறுத்திவிடுவதை நான் நிறைய பார்த்துவிட்டேன். ஆள் அதற்கப்புறமும் பத்து வருஷம் ஆடுவான், டிபார்ட்மென்டுக்குக் கோப்பை வாங்கித் தருவான், ஆனால் 21-இல் போட்ட அதே ஷாட்டைத்தான் 31-லும் போடுவான்.

இப்போது காகித விஷயம். போன கோடையில் அக்கா வீட்டுக்கு ஒருவர் ஃபோன் செய்தார். பையனை ஐரோப்பாவில் ட்ரையலுக்கு அழைத்துப் போகிறோம், கிளப் பேசியாகிவிட்டது, முன்பணம் சில லட்சம் என்றார். அக்கா நகையை எடுத்து வைக்கலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டாள். இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்படி 18 வயது முடிவதற்கு முன்னால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றம் கிடையாது, சில விதிவிலக்குகளைத் தவிர. 18-க்கு மேல் என்றாலும், கடைசியாகப் பதிவாகியிருக்கும் நாட்டின் சங்கம் தடையில்லாக் கடிதம் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் வெளிநாட்டில் பதிவு நடக்காது. ஏஜென்டுகளுக்கு ஃபிபாவே தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது, உரிமம் உள்ளவர்கள் பட்டியல் ஃபிபா தளத்தில் யாரும் பார்க்கலாம். ஏஜென்டுக்குக் கூலி ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கு, அதிகபட்சம் பத்து சதவீதம். ஒப்பந்தமே இல்லாதபோது எந்தத் தொகைக்கு முன்பணம்? 16 வயதுப் பையனை வைத்து உங்களிடம் பணம் கேட்கிறவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். அன்றைக்கு நான் கேட்டேன், அப்புறம் அந்த எண்ணிலிருந்து ஃபோன் வரவே இல்லை.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு கதையும் உண்டு. என் அக்கா மகனோடு ஆடும் ஒரு பையன் சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பம், பிரெஞ்சு பாஸ்போர்ட். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் ஒன்று. அவனுக்கு நேரே வழி திறந்திருக்கிறது என்று பையன்கள் எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். பாதி சரி. ஐரோப்பிய பாஸ்போர்ட் இருந்தால் 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த போஸ்மன் தீர்ப்புக்கு அப்புறம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வெளிநாட்டவர் என்று ஒதுக்க முடியாது, விசா தொல்லையும் இல்லை. ஆனால் பிரெஞ்சுக் கிளப்புகள் தேடுவது பாஸ்போர்ட்டை மட்டும் இல்லை. 12-லிருந்து 21 வயதுக்குள் நாலு சீசன் பிரான்சிலேயே பதிவு செய்து ஆடியவரைத்தான் உள்நாட்டில் உருவான வீரர் என்று கணக்கில் சேர்ப்பார்கள், ஒவ்வொரு அணியிலும் அப்படிப்பட்டவர்கள் இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று விதி. 19 வயதில் பாஸ்போர்ட்டோடு போய் இறங்கினால் அந்தக் கணக்கில் சேர முடியாது. அதோடு, 2008-இல் எடுத்த முடிவுப்படி இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது. அந்தப் பையன் இங்கே எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்திய ஜெர்சி கிடையாது. அவன் வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் 16-இல் தெரிந்தால் இன்னும் வருஷம் இருக்கிறது, 20-இல் தெரிந்து என்ன பயன்?

பணம்? என்.பி.ஏ.வுக்குக் கீழே இருக்கும் ஜி லீக்கில் 2018-19 சீசனில் ஐந்து மாதத்துக்கு 35,000 டாலர் சம்பளம். நம் ரூபாயில் பெரிதாகத் தெரியும், அங்கே வாழ்கிறவருக்கு இல்லை. வெளிநாட்டுக் கிளப் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வீடும் விமான டிக்கெட்டும் கிளப் பொறுப்பு. சம்பளம் ஒழுங்காக வராத கிளப்புகளும் இருக்கின்றன. அதற்காகவே 2007-இல் ஜெனீவாவை இடமாக வைத்து ஒரு தீர்ப்பாயம் உண்டாக்கினார்கள், இப்போது பாட் (BAT) என்கிறார்கள். வீரரோ ஏஜென்டோ கிளப் மேல் அங்கே வழக்குப் போடலாம், தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆட்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடும். ஆனால் ஒப்பந்தத்தில் பாட் பற்றிய வரி இருந்தால்தான் இந்த வழி. வழக்கு நடப்பது ஆங்கிலத்தில். ஆகவே, டேய் தம்பி, நீ ஆங்கிலப் பாடத்தைத் தள்ளிவிட்டு கோர்ட்டுக்கு ஓடி வருவது எனக்குத் தெரியும், அம்மாவிடம் சொல்லாமல் இருக்கிறேன், இதைப் படித்ததும் நீயே திருந்திக்கொள்.

இவனுக்கு நான் இப்போது செய்துகொடுப்பது ரொம்பக் கொஞ்சம். உப்பளத்தில் மாலை ஆட்டத்தில் பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோகும் வேலையை அவனுக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தான், குட்டைப் பையன்கள் காலுக்கடியில் புகுந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், அணியில் மற்றவர்களுக்கு எரிச்சல். இப்போது குனிந்து தட்டுகிறான், உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தை மறைக்கிறான். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் ஃப்ரீ த்ரோ, வந்ததும் ஃப்ரெஷாகப் போடுவது கணக்கில் இல்லை.

மீதிக்கு ஆட்டம் வேண்டும், அது என்னால் தனியாக ஆகாது. புதுச்சேரி, கடலூர், நெய்வேலி, சிதம்பரம், விழுப்புரம் இந்த ஐந்து ஊரும் ஒன்றுக்கொன்று பஸ்ஸில் போய் ஆடிவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பும் தூரம். பொங்கல் முடிந்ததிலிருந்து மே வரைக்கும் வானம் நமக்குச் சாதகம். 16 வயதுக்குள் ஒன்று, 19 வயதுக்குள் ஒன்று, ஊருக்கு இரண்டு அணி, ஞாயிறுதோறும் ஆட்டம், ஒரு தடவை அவர்கள் ஊரில், ஒரு தடவை நம் ஊரில். நாக்அவுட் கிடையாது, கடைசி இடத்தில் இருக்கிற அணியும் கடைசி ஞாயிறு வரை ஆடும். பெரிய பையன்கள் ஆட்டத்துக்கு முன்னால் சின்னப் பையன்கள் ஆட்டம், ஷோலேயில் செய்கிற மாதிரியே. பெயர் கொடுத்த ஒவ்வொருவனுக்கும் குறைந்தது ஒரு குவார்ட்டர், அதாவது ஆட்டத்தில் கால் பங்கு, கட்டாயம். கோப்பைக்குச் செலவழிக்கும் காசை பஸ்ஸுக்கும் ரெஃப்ரிக்கும் போடலாம். நெய்வேலியிலும் கடலூர் அண்ணா விளையாட்டரங்கப் பக்கமும் பழைய ப்ளேயர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன், இரண்டு பேர் உடனே சரி என்றார்கள், ஒருவர் அவருடைய மகளையும் சேர்த்துப் பெண்களுக்கும் வைத்தால்தான் வருவேன் என்றார், அவர் சொன்னதுதான் நியாயம், பெண்களுக்கும் வைக்கிறோம்.

அக்கா புருஷனிடம் இதைச் சொன்னேன். “ஞாயித்துக்கெழமைதான? படிப்பு கெடாதுன்னா சரி. ஆனா ரயில்வே செலக்‌ஷன் வந்தா அனுப்பித்தான் ஆகணும், சொல்லிட்டேன் மச்சான்” என்றார். கட்டாயம் போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். இப்போது எங்களுக்கு வேண்டியது, விசில் ஊத ஆள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தவர்கள், பழைய ஸ்டேட் ப்ளேயர்கள், ஸ்கோர் ஷீட் எழுதத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை நேரம் ஒதுக்க முடியுமா என்று சொல்லுங்கள், பஸ் காசும் டீயும் எங்கள் பொறுப்பு.